ஓரமில்லாத ஊரில் இருபத்துநான்கு ஜன்னல்

அந்தப் பொம்மைப் பட்டறையில் வருடத்துக்கு ஒரே ஒரு புது அச்சுதான் வெட்டுவார்கள். கடந்த மூன்று வருடங்களாக அது வாத்தாகவே இருந்தது. முதல் வருடம் நீந்துகிற வாத்து. அடுத்த வருடம் கத்துகிற வாத்து. போன வருடம் முட்டையிடுகிற வாத்து. வயிற்றை அமுக்கினால் மூன்று முட்டை போடும், நான்காவது முறை அமுக்கினால் சும்மா முறைக்கும்.

மூன்றையும் வரைந்தவர் ஒரே ஆள். பட்டறையில் எல்லோரும் அவரை வாத்து அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு எதிர் மேசையில் உட்காரும் பெண்ணை உருண்டை என்று கூப்பிட்டார்கள். ஆள் என்னவோ குச்சிமாதிரிதான். ஆனால் அவள் வரைகிற எதிலும் மூலை இருக்காது. மூன்று வருடமும் மூன்று உருண்டைகளை வரைந்து கொடுத்தாள். மூன்றும் அலமாரியின் மேல்தட்டில் தூசியோடு உட்கார்ந்திருந்தன.

தேர்வு செய்வது முதலாளியம்மா. அவர் பொம்மையைப் பற்றி யார் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சாப்பாட்டு அறையின் ஜன்னலோர மேசையில் உட்காருவார். சூடாக ஒரு டீ வரும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொம்மையைக் கையில் எடுப்பார். டீயை மறந்து அது ஆறிப்போனால் அச்சு வெட்டலாம். நடுவில் கோப்பையை எடுத்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டால் பொம்மை மேல்தட்டுக்குப் போகும். உருண்டையின் முதல் பொம்மையின்போது அவர் டீயைக் குடித்து முடித்து, இன்னொன்று கேட்டிருந்தார்.

இந்த வருடம் அவர் உருண்டையைத் தனியாக அழைத்துச் சொன்னார். குரலில் கோபம் எதுவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இதுவும் வரலைன்னா நீ கீழ பெட்டிப் பிரிவுக்குப் போயிடும்மா. அங்க வரையறதுக்கு ஆள் வேணும். பெட்டிக்கு மேல படம், ஓரத்துல விலை. நல்ல வேலைதான்."

பெட்டிப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. அட்டை வாசம், பசை வாசம், எந்தப் பக்கம் திரும்பினாலும் எட்டு மூலைகள். உருண்டை அன்று படிக்கட்டில் இறங்கும்போது அந்தக் கதவைப் பார்க்காமல் இறங்கினாள்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு விளையாட்டு உண்டு. சதுரத் தட்டில் பதினைந்து சில்லுகள், ஒரு காலி இடம். சில்லுகளைத் தள்ளித் தள்ளி எண்களை வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். சின்ன வயதில் அதை விளையாடும்போதெல்லாம் அவளுக்கு மூலையில் மாட்டிக்கொண்ட சில்லைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இரண்டு பக்கமும் சுவர், அதற்குப் போக இடமில்லை. ஓரமே இல்லாத தட்டு ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று அவள் பல வருடமாக யோசித்துக்கொண்டிருந்தாள். ஓரமில்லாத தட்டு என்றால் அது பந்தாகத்தான் இருக்க முடியும்.

விடை ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில் கிடைத்தது. ஓர் ஆரஞ்சுப் பழத்தின் மேல் அவள் ரப்பர் பேண்டுகளை மாட்டிக்கொண்டிருந்தாள். நெட்டுக்கு இரண்டு, குறுக்குக்கு இரண்டு, இடுப்பைச் சுற்றி இரண்டு.

அம்மா திரைச்சீலை தைக்கிறவள். தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அந்தப் பழம் என்ன தப்பு பண்ணுச்சு? கட்டிப் போட்டிருக்க?"

"ஆறு வளையம்மா. ஒண்ணை ஒண்ணு எத்தனை இடத்துல வெட்டுதுன்னு எண்ணிப் பாரு."

அம்மா ஊசியால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "இருபத்துநாலு."

"எனக்கும் இருபத்துநாலுதான் வந்துச்சு! இருபத்துமூணு வில்லை, ஒரு காலி இடம். எந்த இடத்துலேர்ந்தும் நாலு பக்கம் போகலாம். யாருமே மூலையில மாட்ட மாட்டாங்க."

"சரி, எண்ணியாச்சு. இப்ப அவிழ்த்து விடு, நான் சாப்பிடணும்."

இரண்டு வாரத்தில் மாதிரி தயாரானது. கையடக்கமான வெள்ளைப் பந்து, ஆறு வளையங்களும் அதன் மேல் ஆறு பள்ளங்களாக ஓடின. பள்ளங்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் வட்ட வில்லைகள். ஒவ்வொரு வில்லைக்கும் அடியில் சின்னச் சதுரக் கால் ஒன்று இருந்தது. அந்தக் கால் பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்து ஓடியதால் வில்லை வழியில் ஆடாது, தட்டாமாலை சுற்றாது. பெயின்ட் அடிக்க வசதியாக, நகத்தால் நெம்பினால் வில்லை கழன்று வரும். அமுக்கினால் 'டக்' என்று உட்காரும். முதல் மாதிரியில் வில்லைகளுக்கு வெறும் நிறம் மட்டுமே பூசியிருந்தாள். தள்ளிப் பார்த்தால் வெண்ணெயில் போவதுபோல் போனது.

வாத்து அண்ணன் பத்து நிமிடம் விளையாடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஓட்டம் நல்லா இருக்கு. ஆனா நிறம் சேர்க்கிற விளையாட்டு கடையில ஆயிரம் கிடக்கு. இதுல ஆள் யாருமே இல்லையே. என் வாத்தைப் பாரு, அதுக்கு ஒரு மூஞ்சி இருக்கு."

அவர் கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் உருண்டைக்கு அது உறைத்தது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது எதிரே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் வந்தது. மாலை நேரம், எல்லா ஜன்னலிலும் விளக்கு. ஒரு ஜன்னலில் யாரோ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இன்னொன்றில் ஒரு பெண் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு ஜன்னல் மட்டும் இருட்டாக இருந்தது. அவள் இறங்கவேண்டிய நிறுத்தம் அவளைக் கேட்காமல் போய்விட்டது.

அடுத்த நாள் அவள் நேராகப் பெயின்ட் அக்காவின் அறைக்குப் போனாள்.

பெயின்ட் அக்கா முப்பது வருடமாகப் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவர். முதுகுவலிக்காக நாற்காலியை விட்டுவிட்டு ஒரு பெரிய நீல ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார். அவருக்கு ஒரே ஒரு குணம். கோணலாக எதையும் பார்க்க முடியாது. நாள்காட்டி ஒரு நூல் சாய்ந்திருந்தால் போய் நிமிர்த்துவார். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிராளியின் காலரைச் சரிசெய்வார். தெரியாத வீட்டுக்குப் போனால்கூட மிதியடியைக் காலால் நேராக்கிவிட்டுத்தான் மணி அடிப்பார்.

"அக்கா, இந்தப் பந்து ஓர் ஊர். இருபத்துநாலு ஜன்னல். இருபத்துமூணுல ஆள் இருக்கணும், ஒண்ணு இருட்டு. ஆட்களை நீங்கதான் வரையணும்."

"விரல்நகம் அளவுக்கு வில்லை, அதுல ஆளா? என் கண்ணு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே அக்கா மிக மெல்லிய தூரிகையை எடுத்தார்.

ஐந்து நாளில் ஊர் குடியேறியது. பல் தேய்க்கிற சிறுமி, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், கொட்டாவி விடுகிற நர்ஸ், பாதி முகத்தில் நுரையோடு சவரம் செய்கிற மனிதர். பந்தில் ஒவ்வோர் இடத்தையும் சுற்றி ஒரு ஜன்னல் சட்டம், அடியில் கதவிலக்கம். ஆட்களின் காலடியில் அவரவர் எண். சவரக்காரர் பதினேழு. கடைசி எண்ணான இருபத்துநான்கு இருட்டு ஜன்னலுக்கு.

உருண்டை பந்தை நன்றாகக் கலைத்தாள். பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்து எல்லோரும் அவரவர் ஜன்னலில் இருந்தார்கள். ஆனால் நர்ஸ் தலைகீழாகத் தொங்கினார். சவரக்காரர் மல்லாந்து படுத்துக்கொண்டு சவரம் செய்தார். பல் தேய்க்கிற சிறுமியும் பக்கவாட்டில் படுத்திருந்தாள்.

"அக்கா, நீங்க கோணலா வரைஞ்சுட்டீங்க."

அந்த வார்த்தையை அந்த அறையில் யாரும் இதுவரை சொன்னதில்லை. பெயின்ட் அக்கா பந்திலிருந்து எழுந்தார். பந்து உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"நானா? கோணலாவா? உன் கால்தான் லூசு, பொண்ணே. வில்லைக்குக் கீழ இருக்கிற காலைச் சொல்றேன்."

கால் லூசாக இல்லை. அளந்து பார்த்தாள், மயிரிழை இடைவெளிகூட இல்லை. வில்லை வழியில் திரும்பவே முடியாது. ஆனாலும் திரும்பி வருகிறது. சத்தம் கேட்டு வாத்து அண்ணன் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எதிராளியின் பொம்மை பழுதானதில் வந்த உற்சாகம் இல்லை. அவரால் ஒரு புதிரை விட்டுவிட்டுப் போக முடியாது. சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் அளவு வாத்து ஒன்றை எடுத்தார். அவரிடம் எப்போதும் ஒன்று இருக்கும்.

அக்காவின் நீலப் பந்தை மேசை மேல் தூக்கி வைத்து, உச்சியில் வாத்தை நிறுத்தினார்.

"அலகு ஜன்னலைப் பார்க்குது. சரியா? இனி நான் வாத்தைத் திருப்ப மாட்டேன். தள்ள மட்டும்தான் செய்வேன். நீங்க ரெண்டு பேரும் சாட்சி."

வாத்து அலகு முன்னால் இருக்க, உச்சியிலிருந்து நேராகப் பந்தின் இடுப்புவரை இறங்கியது. இப்போது அலகு தரையைப் பார்த்தது. அலகை அப்படியே வைத்து, இடுப்போடு பக்கவாட்டில் கால் சுற்று தள்ளினார். அங்கிருந்து வாத்து பின்னால் நடந்து மறுபடி உச்சிக்கு ஏறியது.

அலகு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.



"நீங்க திருப்பிட்டீங்க" என்றார் அக்கா.

"சத்தியமா இல்லை."

"மறுபடி செய்ங்க."

மறுபடி செய்தார். இந்த முறை அக்கா வாத்தின் கழுத்தை அவரே பிடித்துக்கொண்டு போனார். ஜன்னலைப் பார்த்துக் கிளம்பிய வாத்து மறுபடியும் கதவைப் பார்த்து வந்து நின்றது. யாரும் அதைத் திருப்பவில்லை. பந்து உருண்டையாக இருப்பதே அதைத் திருப்பிவிடுகிறது. நேராகவே போய், நேராகவே வந்து, வீட்டுக்கு வரும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பது. தூரதேசம் போய்வந்தவர்களைப் போல என்று உருண்டைக்குத் தோன்றியது. அவள் நின்றபடியே சிரித்தாள்.

"அண்ணா, இது பழுதில்லை. இதுதான் விளையாட்டே. வீட்டுக்கு வந்தா மட்டும் போதாது. நிமிர்ந்து நிக்கவும் வைக்கணும்."

வாத்து அண்ணன் வாத்தைப் பையில் போட்டுக்கொண்டார். "எனக்கு எதிரா நானே வேலை பார்த்திருக்கேன் போலிருக்கு" என்றார். அந்த வருடத்துக்கு அவரிடம் சரிவில் நடக்கிற வாத்து ஒன்று தயாராக இருந்தது.

அதற்கடுத்த நாட்களில் உருண்டை பஸ்ஸில், சமையலறையில், அம்மாவின் துணிக்குவியலுக்கு நடுவில் என்று எங்கும் பந்தோடுதான் இருந்தாள். ஒவ்வொரு முறையும் எல்லோரையும் அவரவர் ஜன்னலில் சேர்த்ததும், எத்தனை பேர் பக்கவாட்டில் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினாள். இரண்டு, நான்கு, யாருமில்லை, ஆறு, இரண்டு. நாற்பது முறை எழுதிய பிறகு அந்தப் பக்கத்தை அம்மா எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் ஜோடி ஜோடியாத்தான் படுக்குதுங்க போல. ஒத்தையா ஒருத்தரும் படுக்கலையா?"

உருண்டை நோட்டை முதலிலிருந்து புரட்டினாள். உண்மைதான். ஒற்றைப்படையே இல்லை. ஏன் என்று யோசித்து, ரப்பர் பேண்ட் மாட்டிய இன்னோர் ஆரஞ்சைப் பலிகொடுத்து, மறுநாள் மாலைக்குள் காரணத்தையும் பிடித்துவிட்டாள். தள்ளி மட்டுமே விளையாடினால், எல்லோரும் வீடு சேர்ந்த பிறகு தனியாக ஒருவர் மட்டும் படுத்திருக்க வழியே கிடையாது. இரண்டு பேராகத்தான் படுப்பார்கள், இரண்டு பேராகத்தான் எழுப்ப முடியும்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பந்தை ஓரளவு கலைத்து, சாப்பாட்டு அறையின் ஜன்னலோர மேசையில் வைத்தாள். முகம் கழுவப் போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு முதலாளியம்மா உட்கார்ந்தார். டீ வந்தது, ஆவி பறந்தது. அவர் பந்தைக் கையில் எடுத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஒரு வில்லையைத் தள்ளினார். இன்னொன்று. புருவம் மெல்ல மேலே போனது. கதவருகே உருண்டையும் வாத்து அண்ணனும் நின்றார்கள்.

"கோப்பையைப் பார்க்கவே இல்லை" என்று அண்ணன் கிசுகிசுத்தார்.

"சும்மா இருங்கண்ணா."

"ஆடை கட்டுது பாரு. டீ மேல ஆடை கட்டுது."

பன்னிரண்டுக்கு ஆவி எப்போதோ நின்றுவிட்டது. ஆனாலும் முதலாளியம்மா நிமிரவில்லை. பன்னிரண்டரைக்கு அவர் உதட்டைக் கடித்தார். ஒரு மணிக்குப் பந்தை மேசையில் 'தொம்' என்று வைத்தார்.

"இங்க வா."

உருண்டை போனாள். பந்தில் இருட்டு ஜன்னல் அதன் இடத்தில் இருந்தது. எல்லோரும் அவரவர் வீட்டில், எல்லோரும் நிமிர்ந்து. கொட்டாவி விடுகிற நர்ஸ் மட்டும் படுத்திருந்தார்.

"இவளை எழுப்பினா அந்தப் பொண்ணு படுத்துக்குது. அந்தப் பொண்ணை எழுப்பினா செடிக்காரர் படுத்துக்கறார். முக்கால் மணி நேரமா ஒருத்தர் பாக்கி. முடியாத விளையாட்டைக் கையில கொடுத்தா அதுக்குப் பேரு ஏமாத்து. என் டீயும் போச்சு, விளையாட்டும் முடியலை."

உருண்டைக்கு அந்த நிமிடம் அட்டை வாசம் மூக்கில் அடித்தது. ஆனால் கண் பந்தைவிட்டு நகரவில்லை. ஒருத்தர். தனியாக ஒருத்தர்.

"மேடம், இது நடக்கவே நடக்காது."

"நடந்திருக்கே. கண்ணு முன்னாடி படுத்திருக்காளே."

"தள்ளி மட்டும் விளையாடினா ரெண்டு ரெண்டு பேராத்தான் படுப்பாங்க. ஒத்தையா ஒருத்தர் படுத்திருந்தா, யாரோ ஒரு வில்லையைக் கழட்டித் திருப்பி மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம்."

முதலாளியம்மாவின் முகம் மாறியது. "நான் கழட்டினேன்னு சொல்றியா?"

"ஐயோ, இல்லை மேடம்."

"அப்ப அண்ணனா?"

வாத்து அண்ணன் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். "நான் இங்கயேதான் நின்னேன். ஆவிகூட என் மேல படலை."

அந்த நேரம் பெயின்ட் அக்கா சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே வந்தார். வரும் வழியில் ஒரு நாற்காலியை மேசைக்கு நேராக்கினார். கூட்டத்தையும் பந்தையும் பார்த்தார்.

"என்ன, விளையாடி முடிஞ்சுதா? காலையில நான் பார்க்கும்போது அந்தச் சவரக்காரர் மல்லாந்து கிடந்தார். முதலாளியம்மா கைக்குப் போகப்போற பொருள், இப்படியா போகும்னு கழட்டி நிமிர்த்தி வச்சேன். அவர் ஒருத்தரைத்தான். மத்தவங்களைத் தொடறதுக்குள்ள டீக்காரர் வந்துட்டார்."

வாத்து அண்ணன் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உருண்டைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"என்ன சிரிப்பு? நல்லதுதானே பண்ணேன்?" என்றார் அக்கா.

விஷயத்தைச் சொன்னார்கள். அக்கா பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு மனுஷனை நிமிர்த்தி வச்சதுக்கு ஊரே முடங்கிப் போச்சா?"

முதலாளியம்மா சிரிக்கவில்லை. அவர் சவரக்காரரை நகத்தால் நெம்பிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"சரி, நீ ஏமாத்தலை. ஒத்துக்கறேன். ஆனா யோசி. முப்பது வருஷம் பொம்மை பார்த்த அக்காவே கழட்டிட்டாங்க. வீட்டுல இருக்கிற பிள்ளைங்க கழட்டாதா? கீழ விழுந்து நாலு வில்லை தெறிச்சா அப்பன் எப்படியோ திருப்பி மாட்டுவான். அப்புறம் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் தள்ளிக்கிட்டே இருக்கும், முடியவே முடியாது. அதை நான் விக்க மாட்டேன்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு அச்சுக்காரருக்குச் சொல்லியாகணும். அதுக்குள்ள வழி இருந்தா வா. இல்லைன்னா நடக்கிற வாத்துதான்."

அவர் போன பிறகு மூவரும் அந்த மேசையிலேயே உட்கார்ந்தார்கள். அக்காவின் டப்பா திறக்காமலே கிடந்தது.

"வில்லையைக் கழட்ட முடியாதபடி பண்ணிடு" என்றார் அண்ணன்.

"ஓட்டம் போயிடும்ணா. இறுக்கினா நகராது."

"எல்லாம் என்னால" என்றார் அக்கா. பேசிக்கொண்டே ஆறிய டீயின் கோப்பையைச் சாசரின் நடுவுக்கு நகர்த்தினார். "என்னால கோணலைப் பார்க்க முடியாது. என்ன செய்யறது, பிறவிக் குணம்."

உருண்டை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பையை நடுவில் வைத்த அக்கா, அதன் காதையும் வலப்பக்கம் திருப்பி வைத்தார். ஆனால் அடியிலிருந்த சாசரை அவர் திருப்பவில்லை. வெறும் வெள்ளைச் சாசர். அதற்குக் காது கிடையாது. அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

தனியாக ஒருவர் படுத்திருப்பதுதான் சிக்கல். அந்த ஒருவர் படுத்தாலும் படுத்ததாகவே தெரியாவிட்டால்?

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் உங்களுக்குக் கோணலாத் தெரியாதது எது?"

"அப்படி ஒண்ணு உலகத்துல இருக்கா?"

"ஜன்னல்ல இருக்கணும். உயிரோட இருந்தா நல்லது."

அக்கா கூரையைப் பார்த்தார். வாத்து அண்ணன் "வாத்து" என்றார். இருவரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

"பூனை" என்றார் அக்கா மெதுவாக. "சுருண்டு தூங்கற பூனை. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. அது எப்படிப் படுத்தாலும் சரியாத்தான் படுத்திருக்கும். அதை மட்டும் நான் நகர்த்தினதே இல்லை."

மணி இரண்டாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அக்கா நீலப் பந்தில் உட்கார்ந்தார். புது வில்லையில் மஞ்சள் மெத்தை, அதன் மேல் வாலை மூக்கில் வைத்துச் சுருண்ட சாம்பல் பூனை. பூனைக்கு எண் போடவில்லை. மற்றவர்களெல்லாம் வீடு சேர்ந்த பிறகு, இருட்டு ஜன்னல் போக மிஞ்சுகிற ஜன்னல் அதனுடையது. வாத்து அண்ணன் மூச்சு வாங்க ஓடிப்போய் எங்கிருந்தோ தலை உலர்த்தும் கருவி கொண்டுவந்து பெயின்டைக் காயவைத்தார். சவரக்காரர் தன் பதினேழாம் வீட்டைக் காலி செய்தார். பூனை குடிபுகுந்தது.

மூன்று மணிக்கு உருண்டை முதலாளியம்மாவின் அறைக்குப் போய்ப் பந்தை நீட்டினாள்.

"இப்ப நீங்க என்ன வேணும்னாலும் பண்ணலாம் மேடம்."

"என்ன வேணும்னாலுமா?"

முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வில்லையாக நெம்ப ஆரம்பித்தார். இருபத்துமூன்றையும் கழற்றி, மேசையில் கொட்டி, சீட்டுக் கலைப்பதுபோல் உள்ளங்கையால் கலைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எடுத்து, வந்த இடத்தில், வந்த பக்கமாக, 'டக் டக்' என்று மாட்டினார். பந்தை அவளிடம் கொடுத்தார். மணியடித்து ஒரு டீ சொன்னார்.

"நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. இப்ப நீ விளையாடு. நான் பார்க்கறேன்."

உருண்டை எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பந்து உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது, விரல் தானாகத் தள்ள ஆரம்பித்தது. செடிக்காரர் வீடு சேர்ந்தார். போன் பேசுகிற பெண் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு நிமிர்ந்து வந்தாள். கதவு ஓசையில்லாமல் கொஞ்சம் திறந்தது. இடுக்கில் மேலே ஒரு தலை, கீழே ஒரு தலை. டீ வந்தது. முதலாளியம்மா மேசையில் கையூன்றி முன்னால் சாய்ந்தார்.

"அந்த நர்ஸை இந்தப் பக்கமா கொண்டு வாயேன்."

"வேண்டாம் மேடம், தலைகீழா ஆயிடுவாங்க."

"ஓ, ஆமா ஆமா. அப்ப அந்தச் சின்னப் பொண்ணு?"

"அவளை இந்த மூணு ஜன்னல் வழியா ஒரு சுத்து சுத்தினா..."

"எழுந்துட்டா! எழுந்துட்டா பாரு!"

நான்கு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது ஒரு ஜன்னல் மட்டும் மிஞ்சியது. உருண்டை கடைசி வில்லையைத் தள்ளினாள். பூனை பதினேழாம் ஜன்னலுக்குள் வந்து நின்றது. வால் மேலே இருந்தது. அது கீழேயும் இருந்திருக்கலாம். எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள், பூனை தூங்கியது.

முதலாளியம்மா பந்தை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பூனை வில்லையை மட்டும் கழற்றிக் கால் சுற்று திருப்பி மாட்டிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். வாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

"மேடம்" என்றார் கதவிடுக்கிலிருந்து வாத்து அண்ணன். "டீ."

கோப்பையின் மேல் கெட்டியாக ஆடை கட்டியிருந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

"இது கணக்குல வராது" என்றார் முதலாளியம்மா. "விளையாடினது அவ. நான் சும்மா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்." போனை எடுத்து அச்சுக்காரரின் எண்ணைத் தேடினார். "பார்த்ததுக்கே ஆறிடுச்சே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

போனில் அவர் பேசுவதை மூன்று பேரும் நின்று கேட்டார்கள். உருண்டையான அச்சு என்றார். ஆமாம், மூலையே கிடையாது என்றார். வாத்தா, இல்லை, இந்த வருடம் வாத்துக்கு ஓய்வு என்றார். வாத்து அண்ணன் பையிலிருந்த வாத்தை எடுத்து, "கேட்டியா?" என்று அதனிடம் சொன்னார். பிறகு உருண்டையின் தலையில் ஒரு குட்டு வைத்தார். வலிக்கவில்லை.

ஐந்து மணிக்கு முதலாளியம்மா பந்தைக் கலைத்துக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பினார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து, மறந்துவிட்டுப்போன கைப்பையை எடுத்துக்கொண்டார். அப்போதும் பந்திலிருந்து நிமிரவில்லை.

பெயின்ட் அக்கா தூரிகைகளைக் கழுவி, உயர வரிசையில் அடுக்கினார். உருண்டை சட்டைப் பையிலிருந்து சவரக்காரரை எடுத்து நீட்டினாள்.

"இவருக்கு வீடு போயிடுச்சுக்கா."

அக்கா அவரை வாங்கித் துடைத்தார். மேசைக்கு எதிரே, நாள்காட்டிக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்டினார். இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வந்து, பசை காய்வதற்குள் ஒரு நூல் அளவு நிமிர்த்தினார்.